கீழ்ப்பாறைத் தண்ணீர் அலுவலகம்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடைக்குப் போனபோது ரொட்டி இல்லை. மாலாமோ என்கிற கடைக்காரி, மாவு பிசைகிற பெரிய தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ரொட்டி கிடையாது டீச்சர். நாளையிலேர்ந்து ரெண்டு நாளைக்குத் தண்ணி வராதாம். கம்பத்துல ஒட்டியிருக்கு, பாக்கலையா?"

கம்பம் என்றால் கடை வாசலில் நிற்கும் மின்கம்பம். எங்கள் மலையூர் கரித்யாவில் யார் செத்தாலும் கறுப்புக் கட்டம் போட்ட தாளை அதில்தான் ஒட்டுவார்கள். காலையில் ரொட்டி வாங்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் நின்று யார் போனார் என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவோம். அன்று கறுப்புக் கட்டத் தாள் எதுவும் இல்லை. 'அறிவிப்பு' என்று தலைப்புப் போட்ட வெள்ளைத் தாள் ஒன்று இருந்தது. கீழே நீல மையில் வட்ட முத்திரை.

முத்திரையைப் பார்த்ததும் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். இந்த நாட்டில் வளர்ந்தவர்கள் யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஒரு வட்ட முத்திரை சரியாக விழவில்லை என்று என் இடமாற்றம் ஒன்பது மாதம் கிடப்பில் கிடந்தது. முத்திரை இருந்தால் விஷயம் உண்மை. அவ்வளவுதான். வெள்ளி, ஞாயிறு, தண்ணீர் என்று மூன்று வார்த்தை கண்ணில் பட்டது. ஓடினேன்.

வீட்டில் என் கணவர் அரிஸ்டோஸ் எனக்கு முன்பே சேதி தெரிந்து வேலையில் இறங்கியிருந்தார். குளியல் தொட்டி நிரம்பி வழிந்தது. திராட்சைச் சாராயம் காய்ச்சுகிற செப்பு அண்டாவைப் பின்கட்டிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து அதிலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாம ரெண்டு பேருதானே, எதுக்கு இவ்வளவு?"

"பக்கத்து வீட்டுக்காரன் ஒயின் பீப்பாயையே நிரப்புறான். நான் மட்டும் ஏமாளியா?"

அந்தக் கணக்கில் ஊர் முழுக்க நிரப்பியது. சாயங்காலம் நாலு மணிக்கு மேட்டுத் தெருவில் குழாய் சீறிவிட்டு நின்றது. ஆறு மணிக்கு எங்கள் தெருவிலும் நின்றது. வெள்ளிக்கிழமை நிற்கும் என்றார்கள், வியாழனே நின்றுவிட்டது, சர்க்கார் வேலை என்றைக்குச் சொன்னபடி நடந்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஊர்த் தலைவர் ஸ்டேர்கியோஸ் நகரத்துக்குப் போன் போட்டார். அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தொட்டி கழுவும் வேலையே கிடையாது. அவர் கம்பத்திலிருந்து தாளைக் கிழித்து முதல்முறையாக முழுவதும் படித்தார். படித்துவிட்டு நேராக எங்கள் பள்ளிக்கு வந்தார்.

முதல் பீரியட் பாதியில் ஹெட்மாஸ்டர் ஸகாரியாஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேட்டுத் தெருக்காரர். முகம் கழுவாமல் வந்திருந்தார்.

"படிங்க டீச்சர்."

படித்தேன்.

'அறிவிப்பு. கீழ்ப்பாறைத் தண்ணீர் அலுவலகம். பெரிய தொட்டியைக் கழுவ வேண்டியிருப்பதால் வெள்ளி காலை ஆறு முதல் ஞாயிறு காலை ஆறு வரை தண்ணீர் வராது. ஆளுக்கு நாளைக்குப் பதினைந்து லிட்டர், ஆட்டுக்கு ஏழு லிட்டர், கோழிக்குக் கால் லிட்டர் என்று பிடித்து வைக்கவும். கைக்குழந்தை இருந்தால் பத்து லிட்டர் கூடுதல். அதற்கு மேல் பிடிக்க வேண்டாம், மேட்டில் இருப்பவர்களுக்கு வராது. தூக்க ஆள் இல்லாதவர்கள் அலுவலகத்தில் சொல்லவும். நாங்கள் கொண்டுவந்து தருவோம்.'

"கீழ்ப்பாறைன்னு ஒரு ஊர் இருக்கா?" என்றார் ஊர்த் தலைவர். "எனக்கு அறுபத்திரெண்டு வயசு. இந்த மலையில எனக்குத் தெரியாத ஊர் இல்ல."

"இல்ல," என்றார் ஹெட்மாஸ்டர். "அது இவங்க நாலாம் வகுப்பு நாடகப் பீரியட்ல இருக்கு. அந்தப் பையன் ஸ்ட்ராத்திஸ் நடத்துற கூத்து."

ஸ்ட்ராத்திஸ் எங்கள் நாடக ஆசிரியர். இருபத்தெட்டு வயது, வருட ஒப்பந்தம். வாரத்தில் ஏழு பள்ளிகளுக்கு மோட்டார் சைக்கிளில் அலைகிறவர். எங்களுக்குப் புதன்கிழமை கடைசி பீரியட் மட்டும் வருவார். எங்கள் பள்ளியில் அதுவரை நாடகம் என்றால் மார்ச் இருபத்தைந்து சுதந்திர தின விழாதான். பிள்ளைகள் அந்தக் காலப் போர்வீரர்கள் மாதிரி வெள்ளைப் பாவாடை கட்டிக்கொண்டு அட்டைக் கத்தியோடு வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கு நாலு வரி சொல்வார்கள். அம்மாக்கள் செல்போனில் எடுப்பார்கள். விழாவுக்கு ஐந்து வாரமே இருந்தது. அந்தப் பையன் இன்னும் ஒரு கவிதைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று ஹெட்மாஸ்டருக்கு ஏற்கெனவே எரிச்சல்.

எனக்கு வேறொரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. நாடகப் பீரியடில் சத்தமே வருவதில்லை. பதினொரு பிள்ளைகள் ஒரு கூடத்தில் நாடகம் போட்டால் கூரை பறக்க வேண்டாமா? கதவருகே நின்றால் காகிதம் புரளும் சத்தம்தான் கேட்கும். அதோடு ஒரு மாதமாக என்னிடம் விசித்திரமான கேள்விகள் வந்தன. ஒரு கன மீட்டரில் எத்தனை லிட்டர்? ஆடு மழை நாளில் குறைவாகக் குடிக்குமா? எதற்கு என்று கேட்டால், "அது ஆபீஸ் விஷயம் டீச்சர்" என்பார்கள்.

தாளை ஹெட்மாஸ்டரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அப்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. தாளின் பின்பக்கம் மேடும் பள்ளமுமாக இருந்தது. எழுதியவர் பேனாவை அவ்வளவு அழுத்தியிருந்தார்.

இப்படி அழுத்தி எழுதுகிற பிள்ளை என் வகுப்பில் ஒன்றுதான். அசிமினா.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் இதுதான். என் மேசை இழுப்பறையில் அசிமினாவைப் பற்றிய படிவம் இருந்தது. அடுத்த வெள்ளிக்குள் நான் அதை நிரப்பி அனுப்ப வேண்டும். 'பொருள் புரிந்து படிப்பதில்லை. தானாக ஒரு வாக்கியமும் எழுதுவதில்லை. கணக்கில் எந்தச் செயலைச் செய்வது என்று தெரிவதில்லை.' அப்படிப் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன், பேனாவால் எழுதுவதுதான் மிச்சம். அது போனால் அடுத்த செப்டம்பரிலிருந்து பிள்ளை யோன்னினா நகரத்தில் இருக்கும் சிறப்புப் பள்ளிக்குப் போவாள். டாக்ஸியில் போக எழுபது நிமிடம், வர எழுபது நிமிடம். தேவைப்படுகிற பிள்ளைக்கு அது நல்ல பள்ளிதான். அதற்காகத்தான் அவள் அம்மா வாங்கேலியோவிடம் ஆறு மாதமாகப் பேசி, அழவைத்து, சம்மதம் வாங்கியிருந்தேன்.

இரண்டு வருடமாக என் வகுப்பில் இருக்கிறவள். நோட்டில் பெயரையும் தேதியையும் தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதுவாள். அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது.

அப்படியானால் இந்தத் தாளை எழுதியது யார்?

"இனிமே நாடகப் பீரியட் கிடையாது," என்று ஹெட்மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "புதன்கிழமை நானே கவிதை எடுக்கறேன்."

"இந்த ஒரு புதன் விடுங்க சார்," என்றேன். "நான் உள்ள போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்."

இடைவேளையில் அசிமினாவைத் தனியாகக் கூப்பிட்டேன். ஒல்லிப் பெண், ஒன்பது வயது. பேசும்போது நம் காதைப் பார்த்துத்தான் பேசுவாள்.

"இது நீ எழுதினதா?"

"இல்ல டீச்சர்."

"உன் கையெழுத்து மாதிரி இருக்கே?"

தாளை வாங்கினாள். பின்பக்கம் திருப்பி விரலால் தடவினாள்.

"உரானியா அம்மா எழுதினது."

"யாரு அது?"

"கீழ்ப்பாறை ஆபீஸ்ல எழுத்தர்."

"அவங்கள நான் பாக்கலாமா?"

கொஞ்சம் யோசித்தாள். "புதன்கிழமை வருவாங்க."

பொய் சொல்கிற பிள்ளைகளை இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன். காது சிவக்கும், கால் ஆடும். இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புதன்கிழமை கடைசி பீரியட் மணி அடித்ததும், நாடகம் நடக்கிற சாப்பாட்டுக் கூடத்து வாசலில் போய் நின்றேன். ஸ்ட்ராத்திஸ் வாசலிலேயே என்னை மறித்தார். தலையில் தபால்காரர் தொப்பி மாதிரி ஒன்று, அளவு பெரிது.

"என்னால உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு. ஹெட்மாஸ்டர் போன்ல காய்ச்சிட்டாருக்கா."

"நான் பின்னாடி சுவர் ஓரமா உட்காந்துக்கறேன் தம்பி. நீங்க பாட்டுக்கு நடத்துங்க."

"அது முடியாதுக்கா. யாராவது பாத்துக்கிட்டே இருந்தா ஆபீஸ் நடக்காது. உள்ள வந்தா யாராவதா வரணும்."

"எனக்கு நடிக்கல்லாம் வராது."

"நடிக்க வேண்டாம். நீங்க தண்ணி பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன்."

"அப்ப கோவமாத்தானே இருப்பீங்க? புகார் குடுக்க வந்திருக்கீங்க. அது போதும்."

"நீங்க யாரு?"

"நான் பியூன். எனக்கு ஒன்னும் தெரியாது. அவங்கதான் ஆபீஸர்ங்க." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "முதல் நாளே அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஒரு ஊர்ல தொட்டி கழுவணுமாம், என்ன பண்றதுன்னு தெரியல, நீங்கதான் சொல்லணும்னு கையைக் கட்டிட்டு நின்னேன். கால் மணி நேரம் சிரிச்சாங்க. அப்புறம் மார்கெல்லா ஒரு நாற்காலிய எடுத்துப் போட்டு, 'ஊர்ல எத்தனை பேரு?'ன்னா."

"அசிமினா?"

"அவ மூணு வாரம் இந்தக் கதவு ஓரமா நின்னா. ஒரு வார்த்தை பேசல. நானும் கூப்பிடல. நாலாவது வாரம் லாம்பிஸ் அறிவிப்ப வாசிச்சான், ஆளுக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவுன்னு. அங்கேர்ந்து ஒரு குரல், 'கோழி குடிக்காதா?'ன்னு. எல்லாரும் திரும்பிப் பாத்தோம். நேரா வந்து அவன் கையிலேர்ந்து பேனாவ வாங்கிக்கிட்டா."

கதவைத் திறந்து, உள்ளே தலையை நீட்டி, "ஒரு அம்மா வந்திருக்காங்க. புகாராம்" என்றார்.

கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். சுவரில் ஒரு வரைபடம். மலை, ஊற்று, தொட்டி, தெருக்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண். நான் வகுப்பில் வரைபடம் கேட்டால் சூரியனுக்குக் கண் மூக்கு வைக்கிற பிள்ளைகள் வரைந்தது அது. மார்கெல்லா தலைவர் நாற்காலியில் இருந்தாள். லாம்பிஸ் மூலையில் தலையைக் குனிந்து நின்றான். அறிவிப்பு ஒட்டுவது அவன் உத்தியோகமாம். உத்தியோகத்தைச் செய்தால் ஊர்க் கம்பத்தில்தானே ஒட்ட வேண்டும் என்று போன புதன் வீட்டுக்குப் போகிற வழியில் ஒட்டியிருக்கிறான்.

"உட்காருங்கம்மா," என்றாள் மார்கெல்லா. "எழுத்தர் விசாரிப்பாங்க."

அசிமினா எனக்கு எதிரே உட்கார்ந்தாள். தலைமுடியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தாள். என் காதைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தாள்.

"பேரு?"

வேறு பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. "பொலிக்ஸேனி," என்றேன். ஒரு பையன் சிரிக்க ஆரம்பித்து, பக்கத்தில் இருந்தவள் இடித்ததும் நிறுத்திக்கொண்டான்.

"வீட்டுல எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு."

"ஆடு, கோழி?"

"எதுவும் இல்ல."

"கைக்குழந்தை?"

"இந்த வயசுலயா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள். "என்ன புகார்?"

இப்போதுதான் எனக்குக் கோபம் வந்த மாதிரி இருந்தது. "என்ன புகாரா? வராதுன்னு போட்டீங்க. எல்லாத்துலயும் பிடிச்சோம். தொட்டி கழுவவே இல்ல. ஆனா தண்ணி மட்டும் நின்னுபோச்சு. அதுவும் நீங்க சொன்னதுக்கு முந்தின நாளே. ஒரு ஊரையே ஏமாத்திட்டீங்க."

"எவ்வளவு பிடிச்சீங்க?"

"அது எதுக்கு?"

"சொல்லுங்கம்மா. புகார்ல எழுதணும்."

"குளியல் தொட்டி. அண்டா. ரெண்டு குடம். ஒரு முந்நூறு லிட்டர் இருக்கும்."

அவள் எழுதினாள். பேனா தாளுக்குள் இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"ரெண்டு பேரு, ரெண்டு நாளு, ஆளுக்குப் பதினஞ்சு. அறுபது லிட்டர். நீங்க எரநூத்தி நாப்பது கூடப் பிடிச்சிருக்கீங்க."

"இருக்கட்டுமே."

"எல்லா வீடும் உங்கள மாதிரி பிடிச்சா?" சுவர் வரைபடத்துக்குப் போனாள். "நூத்தி நாப்பது வீடு. நாப்பத்தி ரெண்டாயிரம் லிட்டர். தொட்டியில நாப்பதாயிரம்தான் இருக்கு. ஊத்து மெதுவாத்தான் நிரப்பும். அதனால தண்ணிய நாங்க நிறுத்தல. நீங்க நிறுத்திட்டீங்க."

பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மனசுக்குள் நூற்று நாற்பதை முந்நூறால் பெருக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"அதுக்கு மேல பிடிக்க வேண்டாம்னு போட்டிருந்தோமே," என்றாள். "படிக்கலையா?"

"முத்திரை பாத்தேன். மிச்சம் படிக்கல."

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் நாலாம் வகுப்பு ஆசிரியை, பொருள் புரிந்து படிப்பதில்லை என்று படிவம் எழுத இருந்தவள், அந்தப் பிள்ளையின் முன்னால் அதைச் சொன்னபோது என் காது சூடானது எனக்கே தெரிந்தது.

பியூன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல இருமினார். "அம்மா சொல்றதுலயும் ஞாயம் இருக்கு மேடம். ஊர் பேர யாரும் பாக்கல."

ஆபீஸர்கள் கூடிப் பேசினார்கள். ஊர் பெயரைச் சின்னதாகவும் முத்திரையைப் பெரிதாகவும் போட்டது தப்பு என்று ஒருத்தி சொன்னாள். ஒட்டுவதற்கு முன் தலைவரிடம் கேட்க வேண்டும் என்று லாம்பிஸுக்கு உத்தரவானது. மன்னிப்புக் கடிதம் எழுதுவதா என்று வாக்கெடுத்தார்கள். ஆறுக்கு ஐந்து, எழுதுவது என்று முடிவானது. அசிமினா எழுத வேண்டாம் என்று கை தூக்கியவள். ஆனாலும் எழுத்தர் என்பதால் அவள்தான் எழுதினாள். முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள்.

"முத்திரைக்கு மை எங்கேர்ந்து வந்துச்சு?" என்று போகிற போக்கில் கேட்டேன்.

மார்கெல்லா ஒரு கோப்பைத் திறந்து காட்டினாள். 'மை அட்டை ஒன்று கடன் தரவும், கீழ்ப்பாறைத் தண்ணீர் அலுவலகம்' என்ற விண்ணப்பம். கீழே 'அனுமதிக்கிறேன்' என்று ஹெட்மாஸ்டர் ஸகாரியாஸ் கையெழுத்து. அவரும் படிக்காமல்தான் போட்டிருக்கிறார்.

அன்று இரவு எனக்குப் படிவம் எழுத ஓடவில்லை. மறுநாள் வகுப்பில் அசிமினாவைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை இரண்டாவது பீரியடில் கரும்பலகையில் கணக்கை எழுதினேன். ஒரு குடும்பத்தில் இருவர். ஆளுக்கு நாளைக்குப் பதினைந்து லிட்டர். இரண்டு நாளைக்கு எவ்வளவு? நேற்று அவள் மூச்சு விடுகிற நேரத்தில் போட்ட கணக்கு. வேண்டுமென்றே அதையே கொடுத்தேன்.

அசிமினா பெயர் எழுதினாள். தேதி எழுதினாள். பேனாவைத் தாளில் வைத்தாள். ஒரு நீலப் புள்ளி விழுந்து பெரிதாகிக்கொண்டே போனது. பத்து நிமிடம் அப்படியே இருந்தாள்.

"அசிமினா, நேத்து சொன்னியேம்மா?"

என் காதைப் பார்த்தாள். "எனக்குக் கணக்கு வராது டீச்சர்."

இந்த வாக்கியத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதை நானே படிவத்தில் எழுத இருந்தேன்.

ஆனாலும் குழப்பம் தீரவில்லை. நேற்றுப் பார்த்தது நிஜமா, இப்போது பார்ப்பது நிஜமா? இரண்டும் ஒரே பிள்ளைதானே. நாளைக்குள் நான் ஒன்றை எழுதியாக வேண்டும். இடைவேளையில் ஸ்ட்ராத்திஸுக்குப் போன் போட்டேன். வேறு ஏதோ பள்ளி, பின்னால் ஒரே கூச்சல்.

"நேத்துக் கணக்கையே குடுத்தேன் தம்பி. ஒன்னும் போடல."

"யாருகிட்ட குடுத்தீங்க?"

"அசிமினாகிட்டதான்."

"எதுக்காகக் கேட்டீங்க? உங்களுக்கு விடை தெரியும்ல?"

"தெரியும்."

"அதான்க்கா. பியூனுக்குத் தெரியாது." யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டார்.

மூன்றாவது பீரியட் மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே போனார்கள். நான் உள்ளே போகவில்லை. நடைபாதையில் நின்று, ஹெட்மாஸ்டர் அறைக் கதவு மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். மூலையில் இருந்த கொடிக் கம்பை எடுத்து ஊன்றிக்கொண்டேன். எனக்கு ஐம்பது வயது. என் வகுப்புக் கதவை நானே தட்டினேன்.

"ஆபீஸ் திறந்திருக்குங்களா?"

பதினொரு முகமும் திரும்பியது. நான் ஓடிவிடலாமா என்று நினைத்தேன்.

"இன்னைக்கு வியாழக்கிழமை டீச்சர்," என்றான் லாம்பிஸ், எனக்காக வெட்கப்பட்டுக்கொண்டு.

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "அவசரம்னா திறப்போம்."

அசிமினா எழுந்து, முடியை இழுத்துக் கட்டிக்கொண்டே முன்னால் வந்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்ன அவசரம்?"

"ஆடு வெச்சிருக்கேங்க. பன்னெண்டு. ரெண்டு நாளைக்குத் தண்ணி எவ்வளவு பிடிக்கணும்னு தெரியல. வீட்டுலயும் கேக்க ஆள் இல்ல." மூச்சு வாங்கினேன். அடுத்ததைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். "எனக்குக் கணக்கு வராது."

அவள் என்னைப் பார்த்தாள். கம்பைப் பார்த்தாள், திருப்பிப் போட்ட கோட்டைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நிச்சயமாகக் கண்டுபிடித்தாள்.

"ஆடு மேய்க்கிறவங்க இவ்வளவு நேரா நிக்க மாட்டாங்க," என்றாள். "பரவால்ல. இப்படி பக்கத்துல வாங்க. நான் போடறேன், நீங்க பாருங்க."

என் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். பன்னிரண்டு ஆடு, ஏழு லிட்டர், எண்பத்து நாலு. இரண்டு நாள், நூற்று அறுபத்து எட்டு. பிறகு பேனாவை நிறுத்தி, "குட்டி ஏதாவது?" என்று கேட்டாள்.

"மூணு."

"அத முன்னாடியே சொல்லணும்," என்று கோபித்துக்கொண்டு அடித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் குட்டி பாதி குடிக்குமா, பாலே போதுமா என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். லாம்பிஸின் மாமாவிடம் ஆடு உண்டு. அவன் சொன்னதை அசிமினா ஏற்கவில்லை. மணி அடித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய் முதலில் மை அட்டை விண்ணப்பத்தை மேசையில் வைத்தேன். தன் கையெழுத்தைத் தானே உற்றுப் பார்த்தார். நெற்றியைத் தடவினார்.

"ஊர்த் தலைவர்கிட்ட இதக் காட்டாதீங்க."

"காட்டல சார். புதன்கிழமை நாடகம் இருக்கட்டும். கவிதைக்கு என் வரலாற்றுப் பீரியட எடுத்துக்குங்க."

"வரலாறு போனா பரவால்லயா?"

"வெள்ளைப் பாவாடை கட்டிட்டுச் சொன்னா அதுவும் வரலாறுதானே."

அவர் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாத முடிவு வரைக்கும் பார்ப்போம் என்றார். அதற்கு மேல் எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் வெளியே வாங்கேலியோ காத்திருந்தாள். படிவத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டிய நாள் அது.

பாலாடைக்கட்டி ஆலையிலிருந்து நேராக வந்திருந்தாள். ரப்பர் பூட்ஸ், தலையில் வெள்ளைத் துணி. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

"எங்க போடணும் டீச்சர்?"

"கொஞ்சம் இருங்க. நான் இன்னும் அனுப்பறதா இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். தாள், முத்திரை, எழுத்தர் உரானியா அம்மா, நாற்பத்திரண்டாயிரம் லிட்டர், பன்னிரண்டு ஆடு. அவளுக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்துச் சொன்னேன். அவள் முகம் இறுகிக்கொண்டே போனது.

"ரெண்டு வாரமா சாப்பாட்டு மேசையில 'வீட்டுல எத்தனை பேரு'ன்னு எங்களையே கேக்குது. பிள்ளைக்கு இன்னும் ஏதோ ஆயிடுச்சுன்னு நானும் அவரும் பயந்துபோய்க் கெடக்கறோம்," என்றாள். "ஆறு மாசமா என்னை உட்கார வெச்சு, முடியாது முடியாதுன்னீங்க. இப்ப முடியும்ங்கறீங்க. நான் எத நம்பறது?"

"ரெண்டும் நான் கண்ணால பாத்தது."

"அப்ப ரெண்டு வருஷமா பாக்காதது?"

"தெரியலம்மா. நான் கேட்ட விதத்துக்கு அவ பதில் சொல்லல. அவளால முடியலன்னு நினைச்சுக்கிட்டேன். இப்பவும் நோட்டுல தானா எழுத மாட்டேங்கறா. நாளைக்கே எல்லாம் சரியாயிடும்னு சொல்லல. ஜூன் வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. அதுக்குள்ள தேவைதான்னு தெரிஞ்சா நானே வந்து சொல்றேன்."

"மறுபடியும் அழ வைப்பீங்க."

"இருக்கலாம்."

வாங்கேலியோ படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, நான் பென்சிலால் எழுதி வைத்திருந்த மூன்று வரியையும் விரல் வைத்து மெதுவாக, முழுவதும் படித்தாள். பிறகு என் பேனாவை எடுத்துக் கையெழுத்து இடத்தில் 'இப்போது சம்மதம் இல்லை' என்று எழுதினாள். மகள் மாதிரியே அழுத்தம்.

எழுந்து கதவு வரை போனவள் திரும்பினாள்.

"அந்தம்மா, உரானியாவா, அவங்க எத்தனை மணிக்கு வருவாங்க?"

"புதன்கிழமை, கடைசி பீரியட். பன்னெண்டே முக்காலுக்கு."

"அப்ப பால் வண்டி வர்ற நேரம்," என்றாள். வாசலில் நின்று தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள். "வண்டி நிக்கட்டும். நான் வர்றேன்."